காலைப் பசிக்கு இரவிலேயே பதில்: எடை குறைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடிகாலை ஐந்தரை மணி. அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. அதற்குள் வயிறு கபகபவென்று எரிகிறது. கை தானாக ரஸ்க் டப்பாவைத் தேடுகிறது. இனிமேல் அளவோடு சாப்பிடுவது என்று முந்தைய நாள்தான் உறுதி எடுத்திருப்போம். காபியோடு இரண்டு ரஸ்க், பிள்ளைக்குச் சுட்ட தோசையில் விண்டு வாயில் போட்ட ஓரம், பாத்திரத்தில் மிஞ்சிய பொங்கல் ஒரு கரண்டி என்று எட்டு மணிக்குள் ஒரு வேளைச் சாப்பாடே உள்ளே போயிருக்கும். தட்டு வைத்து உட்கார்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டோம்.

நானும் பல மாதங்கள் இப்படித்தான் இருந்தேன். மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். காலையில் வரும் கடும்பசியின் வேர் பெரும்பாலும் காலையில் இல்லை என்பது பின்னர்தான் விளங்கியது. முந்தைய இரவு தட்டில் என்ன இருந்தது, எத்தனை மணி நேரம் உறங்கினோம், நாள் முழுவதும் உணவை எவ்வளவு குறைத்தோம் என்ற மூன்றிலும்தான் அது இருக்கிறது.

உடலின் கடிகாரமும் இதையே சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மங்கிய வெளிச்சத்தில் பல நாள் தங்கவைக்கப்பட்டவர்களின் பசியை அளந்தார்கள். உடல் கடிகாரத்தின்படி காலை எட்டு மணியை ஒட்டிப் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணியை ஒட்டி மிக அதிகமாகவும் இருந்தது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த பிறகும் காலையில் பசி மந்தமாக இருப்பதே இயல்பு என்றால், எழுந்தவுடன் கண்ணைக் கட்டும் அளவுக்குப் பசிக்கிறவர் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். தேடும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: அது பசிதானா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் காலையில் வரும் பசி, ரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். பசியோடு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு சேர்ந்து வந்தால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் எடைக் குறைப்பை மறந்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அளக்கும் கருவி கையில் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீரை முதலில் குடித்துவிடுங்கள். உணவைக் குறைத்தால் மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே, தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மேல்வயிற்றில் எரிச்சலோ வலியோ வந்து, இரண்டு வாய் சாப்பிட்டவுடன் அடங்கி, சில மணி நேரத்தில் திரும்பவும் வந்தால், நடு இரவில் அதுவே எழுப்பிவிட்டால், குடல்புண்ணாக இருக்கலாம். பசியும் தாகமும் சிறுநீரும் அதிகரித்து, முயலாமலே எடை குறைந்தால் சர்க்கரை நோய்க்கான பரிசோதனை வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்து, நெஞ்சு படபடத்தால் தைராய்டையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், முன்பு பட்டினி கிடந்தோ சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ துன்பப்பட்டவர்கள் ஆகியோருக்கான கட்டுரை அல்ல இது. அவர்கள் மருத்துவரின் துணையோடுதான் எதையும் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று நாள் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், மூன்று நாள் ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். இரவு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்? எப்போது படுத்து எப்போது எழுந்தீர்கள்? எழுந்தவுடன் பசிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? முதல் கவளம் எத்தனை மணிக்கு வாய்க்குள் போனது? பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பலருக்குப் பசி கூடும். அந்த வாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவது தோல்வி ஆகாது.

மூன்றே நாளில் பெரும்பாலும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். என் நோட்டில், ஒன்பது மதிப்பெண் பசி வந்த இரண்டு காலைகளுக்கும் முந்தைய இரவு ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும்தான் இருந்தன. நான்கு மதிப்பெண் வந்த நாளுக்கு முந்தைய இரவு, வீட்டில் கொண்டைக்கடலைக் குழம்பு.

மூன்றாம் படி: இரவுச் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள்

பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். நம் வீடுகளில் எடை குறைக்க நினைப்பவர்கள் இரவில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் இரவு உணவையே விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரு பழத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பகல் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு மூன்று தோசையும் இட்லிப்பொடி எண்ணெயும், அல்லது சோறும் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். இரண்டிலும் குறைவது ஒன்றே: பருப்பு, பயறு, முட்டை, மீன், காய் ஆகியவை தட்டில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நம் உணவில் கிடைக்கும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, தீட்டிய மாவு, சர்க்கரை.

இரவில் சாப்பிட்டது மறுநாள் காலை வரை பேசும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. உணவுகளின் சர்க்கரை உயர்த்தும் தன்மையைத் தரவரிசைப்படுத்திய டொரண்டோ பல்கலைக்கழகக் குழுவினர், 1980-களில் இதையும் கவனித்தார்கள். ஒரு வேளையில் மெதுவாகச் செரிக்கும் பருப்பு வகைகளைச் சாப்பிட்டால், அடுத்த வேளை உணவுக்குப் பிறகும் ரத்தச் சர்க்கரை மட்டுப்பட்டே உயர்கிறது. இரவில் சாப்பிட்டு மறுநாள் காலையில் அளந்தபோதும் அப்படியே இருந்தது. சுண்டலும் கூட்டும் சாம்பாரும் அறிந்த நமக்கு இதற்கென்று புது உணவு எதையும் தேட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. தட்டில் பாதிக்குக் காய் வையுங்கள்: அவரைக்காய்ப் பொரியல், கீரைக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு என்று எது கிடைக்கிறதோ அது. அடுத்து ஒரு கிண்ணம் வேகவைத்த பயறோ, கெட்டிப் பருப்போ, இரண்டு முட்டையோ, மீன் குழம்பில் இரண்டு துண்டு மத்தியோ அயிலையோ. விலை கூடிய மீன் வேண்டாம். மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டு இட்லி, அல்லது ஒரு தோசை, அல்லது ஒரு சிறு கிண்ணம் சோறு. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, ஏழரை எட்டுக்குள் சாப்பிட முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் நேரத்தை நினைத்துக் கலங்காமல் தட்டை மட்டும் மாற்றுங்கள். அதுவே போதுமான தொடக்கம்.

பயறு சாப்பிட்டால் வாயு பிடிக்கிறது என்பவர்கள் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் கால் கிண்ணம் போதும். வயிறு பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது குண்டானில் மிஞ்சியிருப்பது சோறும் குழம்புத் தண்ணீரும்தான். முட்டை தீர்ந்திருக்கும், காய் தீர்ந்திருக்கும். அந்தத் தட்டில்தான் மறுநாள் காலைப் பசி உருவாகிறது. உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். இதில் தன்னலம் எதுவும் இல்லை. இதைச் செய்யாத வரை, கீழே வரும் படிகள் எதுவும் உங்களுக்குப் பலன் தராது.

நான்காம் படி: உறக்கத்தைக் கூட்டுங்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு, பத்து மணி நேரம் உறங்கிய நாள்களோடு ஒப்பிட்டார்கள். குறைவாக உறங்கியபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 விழுக்காடு கூடியது. நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. இனிப்பும் மாவுப் பண்டங்களும் அதிகமாகத் தேடப்பட்டன. அதே பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கும், எடை கூடியவர்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கியபோது, உணவுக் கட்டுப்பாடு எதையும் சொல்லாமலே நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

ஐந்து மணிக்கு எழுந்தே ஆக வேண்டியவர் பத்து மணிக்குள் படுக்க வேண்டும். கடைசி காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் இது நடக்காது என்பது தெரியும். அந்த நாள்களில் காலையில் கூடுதலாகப் பசிப்பது நியாயம். அதற்கேற்ற உணவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எழுந்ததும் முதல் அரை மணி நேரம்

முதலில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ, உங்கள் விருப்பம். எலுமிச்சையும் தேனும் கலந்தால் கொழுப்பு கரையும் என்பதை நம்ப வேண்டாம். ஒரு தேக்கரண்டி தேன் 20 கலோரி, அவ்வளவுதான் அதன் கணக்கு.

காபியை விடச் சொல்ல மாட்டேன். விடச் சொன்னால் பலர் மூன்றாம் நாளே இந்த முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள். பால் 100 மில்லியும் சர்க்கரை இரண்டு தேக்கரண்டியும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி ஏறத்தாழ 100 கலோரி. அதில் 40 சர்க்கரையிலிருந்து வருகிறது. வாரம் அரைக் கரண்டி என்று குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் சர்க்கரை இல்லாமலே குடிக்கலாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றினாலும் கலோரி பெரிதாகக் குறையாது. காபியோடு வரும் ரஸ்க்கும் பிஸ்கட்டும்தான் உண்மையில் நிற்க வேண்டியவை. அவை தீட்டிய மாவும் சர்க்கரையும் கொழுப்பும். வயிறு நிறையாது, இன்னும் கேட்கும்.

பசி தாங்கவில்லையென்றால் தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஓர் அவித்த முட்டை, அல்லது இரவில் எடுத்து வைத்த சுண்டல் கால் கிண்ணம், அல்லது ஒரு டம்ளர் கெட்டி மோர். இதை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், பிறர் தட்டிலிருந்து விண்டு தின்னும் பழக்கம் தானாகக் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

ஆறாம் படி: காலைச் சாப்பாட்டுக்கு உரிய பங்கைக் கொடுங்கள்

காலையில் கடுமையாகப் பசிப்பவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை இரவுக்குத் தள்ளுவது தலைகீழான ஏற்பாடு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் 2022-இல் வெளியான ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஒரே அளவு கலோரியை ஒரு மாதம் காலையில் அதிகமாகவும், இன்னொரு மாதம் இரவில் அதிகமாகவும் கொடுத்தார்கள். எடை இரண்டிலும் ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால், காலையில் பெரும்பங்கு சாப்பிட்ட மாதத்தில் நாள் முழுவதும் பசி குறைவாக இருந்தது. காலையில் சாப்பிட்டால்தான் எடை குறையும் என்று இதற்குப் பொருள் இல்லை. பசிக்காதவர்கள் வற்புறுத்திச் சாப்பிட வேண்டாம். பசிக்கிறவர்கள் தாராளமாகக் காலைக்கு இடம் கொடுக்கலாம்.

அந்தத் தாராளம் எதில் என்பதுதான் கேள்வி. நான்கு இட்லியில், அளவைப் பொறுத்து, 6 முதல் 8 கிராம் புரதம் இருக்கும். தேங்காய்ச் சட்னி அதில் எதையும் பெரிதாகக் கூட்டாது. 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காலை உணவில் 20 கிராம் புரதத்தை இலக்காக வைத்துக்கொண்டால், பத்தரை மணிக்கு வடையைத் தேடும் நிலை வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், இரண்டு முட்டை என்றால் 20 கிராமைத் தாண்டிவிடும். சாம்பாரை மேலாக அள்ளாமல் கரண்டியை அடிவரை விட்டுப் பருப்போடு எடுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அடை பெரிய வரம். அரிசிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் உளுந்தும் போட்டு அரைத்த இரண்டு அடையும், ஒரு கிண்ணம் தயிரும் அநேகமாக அந்த இலக்கைத் தொட்டுவிடும். அதைவிட எளியது பச்சைப்பயறு தோசை. முழுப் பயறை 75 கிராம் ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்தால் இரண்டு தோசைக்கு 18 கிராம் புரதம் கிடைக்கும். புளிக்க வைக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் வாசமும் நாரும் சேரும்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வெண்பொங்கல், பூரி ஆகியவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸோ கேழ்வரகுக் கூழோ விரும்புபவர்கள் கெட்டியாகக் காய்ச்சிக் கரண்டியால் சாப்பிடுங்கள். பக்கத்தில் சுண்டலோ முட்டையோ இருக்கட்டும். கூழைத் தண்ணீராகக் கரைத்து மடமடவென்று குடித்தால் சீக்கிரமே மீண்டும் பசிக்கும். பழைய சோறு பிடிக்கும் என்றால் ஒரு கிண்ணம், நிறைய மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் பயறு.

இந்த இடத்தில் உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை குறைக்கிறேன் என்றதும் நாம் முதலில் விரட்டுவது அதைத்தான். சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் ஒரே கலோரி அளவில் 38 உணவுகளைக் கொடுத்து எது வயிறு நிறைக்கிறது என்று பார்த்தபோது, முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு. வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால் அதற்கு 323. கடைசி இடம், வெண்ணெய் நிறைந்த குருவாசான் ரொட்டிக்கு, 47. எண்ணெயில் முறுக வறுத்த கிழங்குக்கு இந்தப் பெருமை கிடையாது. தோலோடு வேகவைத்து மிளகுத்தூள் தூவிய ஒரு கிழங்கைக் காலையில் தயங்காமல் சாப்பிடலாம்.

சாப்பிடும் வரிசையும் உதவும்: முதலில் முட்டை, சுண்டல், காய், பிறகு இட்லி, தோசை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர 15 முதல் 20 நிமிடம் ஆகும். நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்தால் அந்தச் செய்தி வருவதற்குள் ஆறாவது இட்லி உள்ளே போய்விடும்.

ஏழாம் படி: பசியின் நேரத்தை மாற்றுவது

கிரெலினை 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கண்டறிந்தது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே அது ரத்தத்தில் ஏறத் தொடங்கும். ஆறு மணிக்கு ரஸ்க் தின்று பழகியவருக்கு ஆறு மணிக்குப் பசி வருவது அதனால்தான். எட்டு மணிக்குச் சாப்பிட விரும்பினால் ஒரேயடியாகத் தள்ளாமல், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளிப் போடுங்கள். ஆறரைக்கே வேலைக்குப் போகிறவர் எதையும் தள்ள வேண்டியதில்லை. இரண்டு அவித்த முட்டையும் ஒரு டப்பா சுண்டலும் பையில் இருந்தால் பஸ் நிலையத்து வடைக் கடையைக் கடந்துவிடலாம்.

எட்டாம் படி: இவ்வளவும் செய்த பிறகும் பசித்தால்

இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள். பசியின் மதிப்பெண் குறையவில்லை, ஆனால் எடை வாரத்துக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் இறங்குகிறது என்றால், நீங்கள் அளவுக்கு மீறிக் குறைக்கிறீர்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ. தொடங்குபவருக்கு அது போதும். எடை குறையக் குறையப் பசி கூடுவதும் உண்மை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் கணக்கிட்டபடி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. ஐந்து கிலோ இறங்கியவரின் காலைப் பசி, தொடங்கிய நாளில் இருந்ததைவிடப் பெரிது. அதை ஒழுக்கக்கேடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்களே உங்களிடம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

அப்படிப்பட்ட வாரத்தில் 150 கலோரி அளவுக்கு உணவைக் கூட்டுங்கள்: இரண்டு முட்டை, அல்லது அரைக் கிண்ணத்துக்குச் சற்று அதிகமாகக் கொண்டைக்கடலை. கூட்டுவதை இரவுத் தட்டில் கூட்டுங்கள். எடை இறங்கும் வேகம் சற்றுத் தளரும், காலை அமைதியாகும், முயற்சி நீடிக்கும். மாறாக, எடையும் இறங்கவில்லை, பசியும் தணியவில்லை என்றால், சமைக்கும்போது வாய்க்குப் போகும் துண்டுகளையும் ஊற்றும் எண்ணெயையும் ஒரு வாரம் அளந்து எழுதிப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதிலும் விடை கிடைக்காதபோது, அந்த நோட்டையே மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ எடுத்துச் செல்லுங்கள். மூன்று வாரக் குறிப்பு கையில் இருந்தால் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

இன்று இரவே தொடங்க விரும்புபவர்கள், படுக்கப் போகும் முன் 75 கிராம் பச்சைப்பயறைக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். நாளைக் காலை அரைக்கும் பதத்தில் இருக்கும்.